இரண்டாவது கேபிள் போடுகிற தம்பிமாருக்கு

யாழ்ப்பாணத்தில் கடை, ரியூஷன், அலுவலகம் என்று நெட்வேர்க் போடும் தம்பிமாரே, கணினிகளை இணைக்கும் இரண்டு நெட்வேர்க் சுவிட்சுக்கு நடுவில் மேலதிகமாக ஒரு கேபிள் போடுவது நல்லதுதான். ஒன்று அறுந்தாலும் வேலை நிற்காது. ஆனால் ஸ்பானிங் ட்ரீ (தரவு வட்டமாகச் சுற்றாமல் தடுக்கும் முறை) இல்லாத சுவிட்சில் தயவுசெய்து வேண்டாம். ஈதர்நெட் ஃபிரேமுக்கு, அதாவது கேபிளில் போகும் தரவுப் பொதிக்கு, ஆயுள் கணக்குக் கிடையாது. எல்லாருக்கும் அனுப்பும் பிரோட்காஸ்ட் ஒன்று போனால் இரண்டு கேபிளிலும் சுற்றிக்கொண்டே இருக்கும், கொஞ்ச நேரத்தில் எல்லாம் படுத்துவிடும்.

1985இல் கணினி விஞ்ஞானி ராடியா பேர்ள்மன் கண்ட இந்த ஸ்பானிங் ட்ரீ வழி எனக்கு இன்றைக்கும் வியப்புத்தான். சுவிட்சுகள் தங்களுக்குள் கதைத்து ஒன்றைத் தலைமையாக்கி, மேலதிகப் பாதையை அடைத்து வைக்கின்றன. தேவை வந்தால் அவையே திறக்கின்றன. பழைய முறையில் அதற்கு 30 முதல் 50 செக்கன் வரை ஆகும், ராபிட் என்ற வேகமான வகை இருந்தால் அதையே போடுங்கள். அப்புறம், தலைமைச் சுவிட்சை நீங்களே தெரிவு செய்யுங்கள். பிரயோரிட்டி என்ற முன்னுரிமை எண் எல்லாவற்றிலும் 32768 என்றே கிடந்தால், சிறிய மக் முகவரி (சுவிட்சின் வன்பொருள் எண்) உள்ளதுதான் தலைமை. அது மூலையில் கிடக்கும் பழைய சுவிட்சாகவும் இருக்கலாம்.