அசையாம படுங்க

எம்ஆர்ஐ டெக்னீஷியனா பதினோரு வருஷம் ஆச்சு, ஒரு நாளைக்கு இருவது தடவையாச்சும் "ஆடாம அசையாம படுங்க, இருமல் வந்தா சவுண்டு நின்னப்புறம் இருமுங்க"ன்னு சொல்லிட்டு கன்சோல் ரூமுக்கு வந்து உக்காந்தா, என் கால் மட்டும் டேபிளுக்கு அடியில ஆடிட்டே கெடக்கும்.

போட்டோல கை ஆடுனா கை மட்டும்தான் மங்கும். எம்ஆர்ஐல அப்டி இல்ல, சிக்னல கோடு கோடா சில நிமிஷம் சேத்து வச்சு கடைசில மொத்தமா கணக்கு போட்டுதான் படம் வரும், அதனால நடுவுல ஒரு தடவ தலைய திருப்புனாலும் அந்த கலங்கல் படம் பூரா அலை அலையா ஓடும். கோஸ்ட்னு சொல்வோம். (காலைல வீட்ல போட்ட சண்டை எனக்கு நைட் வரைக்கும் ஓடும், அதே மாதிரி.)

போன ஆடி மாசம் ஒரு பாட்டி வந்தாங்க, முதுகுத்தண்டு ஸ்கேன். தாலிய கழட்டணும்னா பாதி பேருக்கு கண்ணு கலங்கிரும், இவங்க மடியில ரெடியா வச்சிருந்த மஞ்ச கயித்த கட்டிக்கிட்டு, செயின்ல கோத்திருந்த ஊக்க எல்லாம் எண்ணி என் கையில குடுத்தாங்க, ஆறு. முரட்டு ஆம்பளைங்களே அஞ்சாவது நிமிஷம், கூப்புடறதுக்கு கையில குடுத்த பலூன அமுக்கி வெளிய எடுங்கன்னு கத்துற இடம் அது, பாட்டி 25 நிமிஷம் படுத்திருந்தாங்க, ஒரு சீக்வென்ஸ் (ஒரு செட் படம்) கூட ரிப்பீட் போடல.

"முருகா முருகான்னு சொல்லிட்டு இருந்தீங்களா பாட்டி?"

"நீதானப்பா சும்மா இருக்க சொன்ன. அவன எதுக்கு கூப்புட்டு தொந்தரவு பண்ணணும், அவனும் சும்மா இருக்கட்டும்."

சின்ன வயசுல அம்மா மனப்பாடம் பண்ண வச்ச கந்தரனுபூதி ஞாபகம் வந்துச்சு. 'சும்மா இரு சொல்லற', அதாவது பேச்சே இல்லாம சும்மா இருன்னு முருகன் சொன்னதும் எந்தப் பொருளும் தெரியாம போச்சுன்னு அருணகிரிநாதர் பாடுவாரு. எனக்கு அது வெறும் ஒப்பிக்கற பாட்டு, அவ்ளோதான்.

அப்புறம்தான் கவனிச்சேன், அசையக்கூடாதுன்னு ஒடம்ப இறுக்கிப் புடிக்கறவங்கதான் ஜாஸ்தி நடுங்கறாங்க.

நைட் ஷிஃப்ட்ல பேஷண்ட் இல்லாதப்ப போன தூக்கிப் போட்டுட்டு உக்கார ஆரம்பிச்சேன். ஸ்கேன் ஓடலன்னாலும் காந்தத்த குளிர வைக்கற ஹீலியத்த மைனஸ் 269 டிகிரில வச்சிருக்கற கூலிங் யூனிட் சிக்... சிக்...னு அடிச்சிட்டே இருக்கும், பதினோரு வருஷமா எரிச்சலா கேட்ட சத்தம். மொத வாரம் பூரா இஎம்ஐ, ஆக்டிங் டிரைவர் காசு, மேனேஜர் மொகம் இதான் ஓடுச்சு. ஒளியெல்லாம் ஒண்ணும் தெரியல. ஒரு நாள் மட்டும் சத்தம் இருந்துச்சு, நான் கேக்கறேங்கற நெனப்பு இல்ல. மணி பாத்தா ஏழு நிமிஷம் போயிருக்கு, கண்ணுல தண்ணி, எதுக்குன்னு தெரியல.

அதுக்குள்ள இன்டர்காம் அடிச்சிருச்சு, ஸ்ட்ரோக் கேஸ், பயந்து போயி கை நடுங்கிட்டு இருந்தாரு. அசையாதீங்கன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. "ஒடம்ப அப்டியே டேபிள் மேல விட்ருங்கண்ணே, அது தாங்கிக்கும்"னு சொல்லிட்டு கதவ சாத்துனேன்.