முதலில் சைக்கிளுக்கு இடம், பிறகு மைலேஜ்

வீடு வேலூரில். வேலை ராணிப்பேட்டை சிப்காட்டிலோ, ஆம்பூர் ஷூ கம்பெனியிலோ, ஸ்ரீபெரும்புதூரிலோ. ஞாயிற்றுக்கிழமை ஆனால் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு அமிர்தி பக்கமோ ஏலகிரிக்கோ போக வேண்டும். இந்த மாதிரி வீட்டுக்கு எந்தக் கார் என்று கேட்டால் பேச்சு மைலேஜில்தான் தொடங்கும். டிக்கியில் தொடங்குவதே சரி. சைக்கிள் வண்டிக்குள்ளா, வெளியிலா என்று முடிவாகாமல் பெட்ரோலா சிஎன்ஜியா என்று முடிவு செய்யவே முடியாது.

மாருதியின் ஏழு சீட் எர்டிகாவையே எடுத்துக்கொள்வோம். மூன்று வரிசையும் நிமிர்ந்திருந்தால் டிக்கி 209 லிட்டர். நாலு பள்ளிக்கூடப் பைக்குச் சரி. கடைசி வரிசையை மடக்கினால் 550 லிட்டர், தரையும் ஓரளவு சமமாகிவிடும். சிஎன்ஜி மாடலில் அந்தத் தரையின் வாசலிலேயே சிலிண்டர் குறுக்கே படுத்திருக்கும். அதற்கு மேல் சைக்கிளைச் சாய்த்து வைத்தால் பிரேக் டிஸ்க் வளையும், இல்லாவிட்டால் கியர் கோணும். சிஎன்ஜி வாங்கினால் சைக்கிள் வெளியேதான்.

அந்தத் தியாகம் தேவையா என்பதை மாதக் கணக்கு சொல்லும். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், நெடுஞ்சாலையில் 17 கி.மீ.; சிஎன்ஜி கிலோ 90 ரூபாய், 23 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். (கம்பெனி சொல்லும் 20.5, 26 எல்லாம் ஏசி போடாத ஊரில் கிடைக்கும்.) ராணிப்பேட்டைக்குப் போக வர 52 கி.மீ., மாதம் 25 நாள் என்றால் 1,300 கி.மீ. மிச்சம் ஏறக்குறைய 2,500 ரூபாய். சிஎன்ஜிக்காக ஒரு லட்சத்தை ஒட்டிக் கூடுதலாகக் கொடுக்கிறோம். அது திரும்பி வர மூன்று வருஷத்துக்கு மேல். ராணிப்பேட்டைக்காரர்கள் பெட்ரோல் வண்டியை வாங்கிச் சைக்கிளை உள்ளே வைக்கலாம். ஸ்ரீபெரும்புதூருக்குத் தினம் 200 கி.மீ. ஓடினால் மிச்சம் மாதம் 9,800 ரூபாய் வரும். பத்து, பதினோரு மாதத்தில் போட்ட பணம் வந்துவிடும், பிறகு சைக்கிளுக்கு நல்ல கேரியராகவே வாங்கிக்கொள்ளலாம். ஆம்பூர்க்காரர்கள் நடுவில் இருக்கிறார்கள். வண்டியை எத்தனை வருஷம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

நீண்ட ஓட்டமும் வேண்டும், சைக்கிளும் உள்ளேயே வர வேண்டும் என்பவர்களுக்கு கியாவின் டீசல் கேரன்ஸ். லிட்டருக்கு 18 கி.மீ. கிடைத்தால், அதே ஸ்ரீபெரும்புதூர் ஓட்டத்தில் பெட்ரோலைவிட மாதம் 3,500 ரூபாய் மிச்சம். ஆனால் பிஎஸ்-6 (புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி) டீசலின் சைலன்சர் லைனில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கிறது. சேர்ந்த கரியை எரிக்க அவ்வப்போது பதினைந்து, இருபது நிமிஷம் நிற்காமல் வேகமாக ஓட வேண்டும். காட்பாடிக்கும் க்ரீன் சர்க்கிளுக்கும் நடுவிலேயே உருளும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும், எச்சரிக்கை விளக்கு எரியும்.

ரெனோ ட்ரைபரின் கடைசி வரிசை சீட்டுகளைக் கையாலேயே கழற்றி வீட்டில் வைத்துவிடலாம். டிக்கி 625 லிட்டர் ஆகிறது. நான்கு மீட்டருக்கு உட்பட்ட வண்டியில் இது பெரிய வசதி. ஆனால் 1 லிட்டர், மூன்று சிலிண்டர், 72 குதிரைத்திறன். ஐந்து பேரும் ஏசியுமாக ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியரைத் தேட வேண்டிவரும். ராணிப்பேட்டை ஓட்டத்துக்குப் போதும். தினம் லாரிகளைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் போக இதைச் சொல்ல மாட்டேன்.

உள்ளே வைப்பதில் ஷோரூமில் யாரும் சொல்லாத விஷயம் ஒன்று. பெரியவர் சைக்கிள் ஒன்று முன்சக்கரத்தைக் கழற்றிய பிறகும் ஒன்றரை மீட்டரை ஒட்டி நீளும். அதனால் கடைசி வரிசையோடு நடு வரிசையில் ஒரு பாதியும் மடங்க வேண்டும். இரண்டு சைக்கிள் உள்ளே என்றால் மூன்று பேர்தான் சுகமாக உட்கார முடியும். நாலு பேர், நாலு சைக்கிள் என்றால் எந்த எம்பிவி (இந்த மாதிரி மூன்று வரிசைக் குடும்ப வண்டி) வாங்கினாலும் வெளியேதான்.

ஏற்றும் முறை இது. பின்கியரைக் கடைசிச் சின்னப் பல்லுக்குக் கொண்டுவந்துவிட்டு முன்சக்கரத்தைக் கழற்றுங்கள். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் என்றால் பேடுகளுக்கு நடுவே மடித்த அட்டைத் துண்டு செருக வேண்டும். யாராவது லீவரை அமுக்கினால் பேடு இரண்டும் ஒட்டிக்கொண்டு, திரும்பச் சக்கரம் நுழையாது. சீட் கம்பியில் இன்சுலேஷன் டேப் சுற்றி உயரத்தைக் குறித்துவிட்டு இறக்குங்கள். பழைய பெட்ஷீட் விரித்து, செயின் பக்கம் மேலே இருக்கும்படி படுக்க வையுங்கள். இரண்டாவது சைக்கிளைத் தலைமாற்றி வைத்து நடுவில் இன்னொரு துணி. கடைசியாக, பக்கிள் வைத்த ஸ்ட்ராப்பால் இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டுங்கள். ரப்பர் கயிறு வேண்டாம். அவசர பிரேக்கில் அது நீண்டுகொடுக்கும், 15 கிலோ இரும்பு முன்சீட்டுக்காரர் முதுகுக்கு வரும்.

வெளியே என்றால் பலரும் வாங்குவது பின்கதவில் ஸ்ட்ராப்பால் மாட்டும் கேரியர். விலை குறைவு, தொல்லை அதிகம். கொக்கி பிளாஸ்டிக் ஸ்பாய்லரில் விழுந்தால் ஸ்பாய்லர் விரியும். கதவின் இரும்பு விளிம்பில்தான் மாட்ட வேண்டும். சைலன்சர் வாய்க்கு நேரே சைக்கிள் டயர் தொங்கினால் சூட்டில் இளகிவிடும். நம்பர் பிளேட்டும் பிரேக் லைட்டும் மறையக் கூடாது. அகலத்தையும் பாருங்கள்: எர்டிகா 1,735 மி.மீ., 29 இஞ்ச் சக்கர எம்டிபி (மலைச் சைக்கிள்) நீளம் 1,800 மி.மீ.க்கு மேல். குறுக்கே மாட்டினால் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1ஏ) பிரிவில் இதற்கு அபராதம் 20,000 ரூபாய். முன்சக்கரத்தைக் கழற்றி உள்ளே போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

கூரைக் கேரியர் உறுதியானது, நம்பர் பிளேட்டை மறைக்காது. ஆனால் கூரையில் தெரியும் கம்பிகள் பல மாடல்களில் வெறும் அலங்காரம். எத்தனை கிலோ தாங்கும் என்பதைக் கையேட்டில் பார்த்த பிறகே வாங்குங்கள். குறுக்குக் கம்பி 6 கிலோ, சைக்கிள் நிற்கும் தட்டு தலா 4, சைக்கிள் தலா 15 என்றால் இரண்டு சைக்கிளுக்கே 44 கிலோ. நிமிர்ந்த சைக்கிளோடு எர்டிகாவின் மொத்த உயரம் 2.8 மீட்டர் போகும். ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரி அடித்தளப் பார்க்கிங்குகளுக்கு அது ஆகாது. அதை மறந்து நுழைந்தால் சைக்கிளோடு கூரையும் போகும். உயரத்தை ஒரு சீட்டில் எழுதி ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

எந்தக் கேரியரானாலும் ஸ்ட்ராப் முதல் இருபது கிலோமீட்டரில்தான் தளரும். ஏலகிரிக்குப் போகிறவர்கள் பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டியதும் ஓரங்கட்டி ஒருமுறை இறுக்க வேண்டும். மலையேறும் முன் அடிவாரத்துப் பொன்னேரியில் இன்னொருமுறை.