இறங்க வேண்டிய விமானம் ஏன் ஏறியது?

எங்கள் களியக்காவிளைப் பக்கம் வளைகுடாவில் ஆள் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்கணும். போன வாரம் அக்கா மகள் பிள்ளைகளோடு ஷார்ஜாவிலிருந்து திருவனந்தபுரம் வந்தாள். இறங்கிக்கொண்டிருந்த விமானம் திடீரென்று மூக்கைத் தூக்கி ஏறியிருக்கிறது. வேறொரு விமானம் நெருங்கியதால் ஏற வேண்டியதாயிற்று என்று கேப்டன் அப்புறம் மைக்கில் சொன்னாராம். குடும்ப வாட்ஸ்அப்பில் ஆளாளுக்கு அவரைத் திட்டித் தீர்த்துவிட்டார்கள். "மாமா, பைலட் தூங்கிட்டாரா?" என்று அவளும் கேட்டாள்.

இல்லை மக்களே. அவர் செய்ய வேண்டியதைத்தான் செய்திருக்கிறார்.

வளைகுடாவில் விமானப் பராமரிப்பில் இருந்தபோது, வானில் விமானங்கள் மோதாமல் காக்கும் டிகாஸ் (TCAS) என்ற கருவியோடுதான் என் பிழைப்பு. சுற்றியுள்ள விமானங்களின் டிரான்ஸ்பாண்டரை, அதாவது கேட்டால் உயரத்தை ரேடியோவில் பதில் சொல்லும் கருவியை, அது ஓயாமல் விசாரிக்கும். தூரம், உயரம், நெருங்கும் வேகம் மூன்றையும் வைத்து, மோத இன்னும் எத்தனை விநாடி இருக்கிறது என்று கணக்குப் போடும். முதலில் "டிராஃபிக், டிராஃபிக்" என்று எச்சரிக்கும். இன்னும் நெருங்கினால் "கிளைம்ப்" அல்லது "டிசெண்ட்" என்று கட்டளை வரும். இரண்டு விமானத்திலும் டிகாஸ் இருந்தால் அவை தமக்குள் பேசி, ஒன்றை மேலேயும் மற்றதைக் கீழேயும் அனுப்பும். தரையில் டிரான்ஸ்பாண்டரைச் சோதிக்கும்போது ஆன்டெனாவை மூடிவைக்கச் சொல்வார்கள். நாங்கள் கொடுக்கும் பொய் உயரத்தை நம்பி, மேலே பறக்கும் விமானம் விலகிவிடக் கூடாதே!

யாருமே தப்பு செய்யாமலும் இந்தக் கட்டளை வரலாம். ஒன்று 9,000 அடியில் நிற்க இறங்குகிறது, இன்னொன்று 8,000 அடியில் நிற்க ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அனுமதியும் சரி. ஆனால் அவை அங்கே நிற்கப்போவது டிகாஸுக்குத் தெரியாது. அதற்குத் தெரிவதெல்லாம் பாய்ந்து நெருங்கும் வேகம் மட்டும். அதனால்தான் நிற்க வேண்டிய உயரத்துக்கு முந்தைய கடைசி 1,000 அடியில், ஏறும் அல்லது இறங்கும் வேகத்தை நிமிடத்துக்கு 1,500 அடிக்குக் குறைவாகத் தணிக்கச் சொல்கிறார்கள். அக்கா மகள் வந்த விமானத்தில் நடந்தது இதுதானா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் கட்டளை வந்த பிறகு பைலட் யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது. ஐந்து விநாடிக்குள் கை அசையணும். தரையிலிருந்து கண்ட்ரோலர் வேறு சொன்னாலும் டிகாஸ் சொல்வதைத்தான் கேட்கணும்.

இந்த விதிக்குப் பின்னால் பிணங்கள் கிடக்கின்றன. 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் வானில் ஒரு ரஷ்யப் பயணிகள் விமானமும் ஒரு சரக்கு விமானமும் ஒரே உயரத்தில் வந்தன. ரஷ்ய விமானத்துக்கு டிகாஸ் ஏறு என்றது. தனி ஆளாக இரண்டு திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ட்ரோலர் இறங்கு என்றார். அவர்கள் இறங்கினார்கள். சரக்கு விமானமும் தன் டிகாஸ் சொன்னபடி இறங்கியது. 71 பேர் போனார்கள், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

நம் நாட்டிலும் 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே, இறங்கிவந்த கஜகஸ்தான் விமானம் 15,000 அடியில் நிற்காமல் இன்னும் கீழே வந்து, ஏறிவந்த சவுதி விமானத்தில் மோதியது. 349 பேர். வளைகுடா வேலைக்குப் புறப்பட்ட நம்மைப் போன்றவர்கள் அதில் எத்தனையோ பேர். அன்று எச்சரிக்க இப்படி ஒரு குரல் அங்கே இல்லை.

இன்னொன்று. 2001-இல் ஜப்பான் வானில் இரண்டு விமானங்கள் மோதாமல் தப்பின. ஆனால் பைலட் சட்டென்று கீழே அழுத்தியதில் ஒரு விமானத்துக்குள் சுமார் 100 பேருக்குக் காயம். ஆகவே பெல்ட் விளக்கு எரிந்தால் பிள்ளைகளை எழுந்திருக்க விடாதீர்கள்.

அந்த கேப்டனுக்கு நன்றி சொல்லி விமான நிறுவனத்துக்கு எழுதச் சொல்லியிருக்கிறேன். அவர் பெயர் எங்களுக்குத் தெரியாது. விமான எண்ணும் தேதியும் போர்டிங் பாஸில் இருக்கின்றன, அது போதும்.