பழைய ஆர்80ஆர்டியை வீட்டுக்கு ஓட்டி வந்த கதை

நான் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டு அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. விற்கவிருந்த பெரியவர் பைக்கை வெளியே தள்ளி நிறுத்தி வைத்திருந்தார். அதன் மேலெல்லாம் மழைத்துளி. ஈரமாக இருக்கும் பைக்கை நான் பார்ப்பதில்லை. நனைந்துவிட்டால் எந்தப் பெயின்டும் புதுசு போலத்தான் தெரியும். மெல்லிய கீறலோ, அடியில் துரு கிளம்பித் தூக்கிவிட்ட கொப்புளமோ கண்ணில் படாது.

"கொஞ்சம் காயட்டுமே ஐயா" என்றேன்.

"ஒன்றும் அவசரமில்லை தம்பி, உட்காருங்கள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர், ஒரு பழைய நோட்டை எடுத்து வந்து கொடுத்தார். அதைப் படித்து முடிப்பதற்குள் என் மனசு பாதி முடிவு எடுத்துவிட்டது.

1988-ஆம் வருட பிஎம்டபிள்யூ ஆர்80ஆர்டி அது. தூரப் பயணத்துக்கென்றே செய்யப்பட்ட வண்டி. 1976-இல் வந்த ஆர்100ஆர்எஸ்ஸின் முழு ஃபேரிங்கை, அதாவது காற்றைத் தடுக்கும் முன் கவசத்தை, காற்றுச்சுரங்கத்தில் சோதித்து உருவாக்கினார்கள். 1978-இல் உயரமான கண்ணாடியும், நிமிர்ந்து உட்கார வசதியான ஹேண்டில்பாருமாக ஆர்100ஆர்டி வந்தது. அந்தக் குடும்பத்தின் 800 சிசி தம்பிதான் இது. இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் சிலிண்டர்கள், காற்றிலேயே குளிரும் இன்ஜின், 50 குதிரைத்திறன், செயினுக்குப் பதில் பின் சக்கரத்தைச் சுற்றும் தண்டான ஷாஃப்ட். பின் சக்கரத்தை ஒரே பக்கத்தில் தாங்கும் ஒற்றைக் கை ஸ்விங்ஆர்மோடு 1984-இல் வந்த இந்த வடிவத்தை 1995 வரை செய்தார்கள். வேகத்துக்காக யாரும் இதை வாங்குவதில்லை. காலையில் ஏறி உட்கார்ந்தால் சாயங்காலம் வரை முதுகு வலிக்காமல் ஓட்டலாம் என்பதற்காகத்தான்.

இதற்கு இரண்டு மாதம் முன்னால் இன்னொரு பழைய டூரிங் பைக்கைப் பார்க்க 300 கி.மீ. போயிருந்தேன். மீட்டரில் 19,000 கி.மீ.தான். குரோம் எல்லாம் கண்ணாடி மாதிரி மின்னியது. டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன், உள்ளே செங்கல் நிறம். பல வருடம் கால் டேங்க் பெட்ரோலோடு நின்றிருக்கிறது. காலியாக இருக்கிற இடத்தில் காற்று, காற்றில் ஈரம். ராத்திரி தகடு குளிரும்போது அந்த ஈரம் வியர்த்து வழிந்து அடியில் போய்த் தேங்கும். பெட்ரோலைவிடத் தண்ணீருக்குக் கனம் அதிகம் என்பதால் அது அடியிலேயே உட்கார்ந்து தகட்டைத் தின்னும். குறைந்த கி.மீ. என்றால் நல்ல பைக் என்று அதுவரை நானும் நம்பியிருந்தேன். ஓடின பைக்கைவிட நின்ற பைக்கைத்தான் துரு தேடி வரும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

பெரியவரின் வண்டி 1,12,000 கி.மீ. ஓடியிருந்தது. நோட்டில் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு பக்கம். ஆயில் மாற்றிய தேதி, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பிரேக் ஆயில், ஒவ்வொரு மழைப் பயணத்துக்குப் பிறகும் 'கழுவி, ஓட்டி, காயவைத்தேன்' என்று ஒரு வரி. அந்த 'ஓட்டி' என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வண்டி காய்ந்ததும் மெதுவாகச் சுற்றி வந்தேன். கையோடு கொண்டு போனது ஒரு சின்ன டார்ச், கைப்பிடிக் கண்ணாடி, துணியில் சுற்றிய காந்தம், அவ்வளவுதான். காந்தம் டேங்குக்காக. இரும்புத் தகட்டில் அது கப்பென்று ஒட்ட வேண்டும். ஏதாவது ஓர் இடத்தில் வழுக்கினால் பெயின்டுக்கு அடியில் பட்டி பூசி எதையோ மூடியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இதில் எல்லா இடத்திலும் ஒட்டியது. டேங்கின் உள்ளே சாம்பல் நிறத்தில் சுத்தமான தகடு தெரிந்தது. மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் மண் இல்லை. பல பைக்குகளில் அந்தப் பள்ளத்தில் தேங்குகிற மழைத்தண்ணீர்தான் மெல்ல உள்ளே இறங்கி டேங்கைக் கெடுக்கிறது.

அடுத்தது முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க். அதன் ரப்பர் உறையை மேலே தள்ளிவிட்டு, குரோம் குழாயின் மேல் நகத்தை மேலும் கீழுமாக ஓட்டிப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாத புள்ளிகூட நகத்தில் தட்டும். அந்தப் புள்ளி மேலும் கீழும் போகப் போக ஆயில் சீலை அறுத்துவிடும். சீலை எத்தனை தடவை மாற்றினாலும் குழாயைச் சரிசெய்யாவிட்டால் ஆயில் கசிந்துகொண்டேதான் இருக்கும். இதில் ஒரு பக்கம் மட்டும், சீல் தொடாத உயரத்தில் இரண்டு புள்ளி இருந்தது. நான் கேட்பதற்கு முன்பே பெரியவர் அதைக் காட்டிவிட்டார்.

பேட்டரி உட்காரும் தட்டில்தான் முதல் உண்மையான துருவைப் பார்த்தேன். பழைய ஆசிட் பேட்டரியின் ஆவியும் கசிவும் பட்ட இடம். மேலே கறுப்பு பெயின்ட், ஓரத்தில் செதில். ஸ்குரூடிரைவர் முனையால் அழுத்திப் பார்த்தேன், கெட்டியாக இருந்தது. இப்படி அழுத்திப் பார்ப்பதை யாரும் விட்டுவிடக் கூடாது. மேலோடு படர்ந்த துரு தேய்த்தால் போய்விடும். அழுத்தினால் உள்ளே போகிறது என்றால் அந்த இடத்தில் இரும்பே மிச்சமில்லை. சேஸிஸின் வெல்டிங் மடிப்பு, சைடு ஸ்டாண்டு ஊன்றும் இடம், ஸ்விங்ஆர்மின் அடிப்பக்கம் எல்லாவற்றையும் கீழே படுத்து ஒன்றொன்றாக அழுத்திப் பார்த்தேன். சட்டையெல்லாம் சேறு. பெரியவர் ஒரு சாக்கை எடுத்து வந்து விரித்துக் கொடுத்தார்.

கடைசியாக சைலன்சரை விரல் முட்டியால் தட்டினேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கணீரென்றது. உள்ளே அரித்துப் போயிருந்தால் சத்தம் மொத்தையாகக் கேட்கும், சில சமயம் பொடி உதிர்கிற ஓசையும் வரும். நோட்டில் இருந்த 'ஓட்டி' என்ற சொல் முக்கியமாவது இங்கேதான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. சூடான இன்ஜினில் அது ஆவியாகவே வெளியேறிவிடும். பேட்டரி இறங்கிவிடக் கூடாதே என்று வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடத்தில் அணைக்கிறோமே, அப்போது அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு சூடேறாத சைலன்சருக்குள்ளேயே தங்கிவிடும். நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு உள்ளிருந்தே அரிக்க விடுகிறோம். பெரியவர் ஒரு தடவைகூட அப்படிச் செய்ததில்லை. ஸ்டார்ட் செய்தால் குறைந்தது 20 கி.மீ. ஓட்டிவிட்டு வருவாராம். அதற்கு நேரமில்லை என்றால் தொடவே மாட்டாராம்.

சாவியைக் கொடுக்கும்போது அவர் சொன்னது ஒரே ஒரு விஷயம். கியர்பாக்ஸின் பின்புறம் ஸ்பீடோமீட்டர் கேபிள் நுழையும் இடத்தில் ஒரு சின்ன ரப்பர் உறை இருக்கிறது. "அது வெடித்தால் மழைத்தண்ணீர் நேராக கியர்பாக்ஸுக்குள் போகும். வெளியே எவ்வளவு துடைத்தாலும் பிரயோஜனமில்லை" என்றார். குனிந்து பார்த்தேன். ரப்பர் மிருதுவாகத்தான் இருந்தது.

வீடு வர மூன்று நாள். முதல் நாள் மலைப்பாதை. 40 கி.மீ. போனதும் மழை பிடித்துக்கொண்டது, சாயங்காலம் வரை விடவே இல்லை. ஃபேரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததில் மார்பும் முழங்காலும் நனையவில்லை, தோள் மட்டும்தான் ஈரம். வளைவுகளில் வண்டி ஒரு பெரிய மாடு திரும்புகிற மாதிரி நிதானமாகத் திரும்பியது. ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது ஷாஃப்டின் இழுவையில் பின்பக்கம் லேசாக எழும்பும், விட்டால் அமரும். அது பழக எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. மேகம் சாலையிலேயே இறங்கிக் கிடந்த ஓர் உச்சியில் நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். சூடான சிலிண்டரில் மழைத்துளி விழுந்து சீறுகிற ஓசை மட்டும் கேட்டது. அந்த இடத்தை விட்டுக் கிளம்பவே மனம் வரவில்லை.

மழைத்தண்ணீரைப் பற்றி எனக்குப் பெரிய பயமில்லை. அது காய்ந்தால் போய்விடும். இரண்டாம் நாள் கடலோரச் சாலையை நினைத்துத்தான் கவலைப்பட்டேன்.

துருப்பிடிக்க இரும்பும் தண்ணீரும் ஆக்சிஜனும் இருந்தால் போதும். உப்பு சேர்ந்தால் அந்தத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், அதனால் அரிப்பு பல மடங்கு விரைவாக நடக்கும். அதோடு உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். துடைத்துக் காய்ந்துவிட்டது என்று நாம் நினைக்கிற இடம் ராத்திரியில் மறுபடி ஈரமாகிவிடும். பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவும் நாடுகளில் ஓடிய பைக்குகள் அடிப்பக்கம் அரித்துப் போவதும் இதனால்தான்.

அன்றைக்குக் காற்று கடலிலிருந்து வீசியது. ஒரு பக்கம் பாறையில் அலை உடைந்து சாரலாகச் சாலைக்கு வந்தது, மறுபக்கம் வெயில். 160 கி.மீ. தூரமும் அப்படியே. என் வாழ்க்கையில் மிக அழகான சாலைகளில் அதுவும் ஒன்று. ராத்திரி தங்குமிடத்துக்கு வந்து சேர்ந்தபோது கண்ணாடியில் விரல் வைத்தால் பிசுபிசுத்தது. களைப்பில் பைக்கைக் கழுவாமல் தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால் முன் பிரேக் டிஸ்க் முழுக்க ஆரஞ்சு நிறம். அது பரவாயில்லை, இரண்டு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். ஆனால் பெரியவர் இத்தனை வருடம் காப்பாற்றி வைத்திருந்த ஃபேரிங் போல்ட்டுகளில் நான்கின் தலையிலும், சைலன்சர் கிளாம்ப்பிலும் காவி நிறத்தில் பொட்டுகள். ஒரே ராத்திரியில். மனசு கஷ்டமாகிவிட்டது. அங்கேயே ஒரு வாளித் தண்ணீர் கேட்டு வாங்கி, மேலிருந்து கீழே ஊற்றி ஊற்றிக் கழுவினேன். உப்பைக் கரைக்கச் சாதாரணப் பச்சைத்தண்ணீரே போதும். வெந்நீர் வேண்டாம், சூட்டில் அரிப்பு இன்னும் விரைவாகும். பைப்பை அழுத்தமாகப் பீய்ச்சுவதும் வேண்டாம். சக்கர பேரிங்கிலும் ஸ்டியரிங் தலையிலும் உள்ள கிரீஸை அது வெளியேற்றிவிட்டுத் தண்ணீரை உள்ளே விட்டுவிடும்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வாரம் சாயங்காலமெல்லாம் இதே வேலைதான். பேட்டரி தட்டைக் கழற்றி, சோடா உப்புக் கரைசலால் ஆசிட்டை முறித்து, செதிலைச் சுரண்டி உப்புத்தாளால் வெள்ளி நிறம் தெரிகிற வரை தேய்த்தேன். குழிகளில் மிச்சமிருந்த துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றி தடவினேன். அது துருவோடு சேர்ந்து இரும்பு பாஸ்பேட்டாகக் கறுத்து இறுகிவிடும். அதன் மேல் பிரைமர், அப்புறம் பெயின்ட். துருவின் மேலேயே பெயின்ட் அடிப்பது வீண் வேலை. இரும்பு துருவாகும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கும் மேல் கூடும், அதனால் மேலே எதைப் பூசினாலும் அது தூக்கி உடைத்துவிடும்.

போல்ட்டுகளை எல்லாம் ஸ்டெயின்லெஸ்ஸாக மாற்றிவிடு என்று நண்பர்கள் சொன்னார்கள். நான்கை மட்டும்தான் மாற்றினேன். அலுமினியத்துக்குள் ஸ்டெயின்லெஸ் போல்ட்டை அப்படியே முறுக்கினால், ஈரம் பட்டதும் இரண்டு உலோகத்துக்கும் இடையே மின்னரிப்பு தொடங்கி அலுமினியம் வெள்ளைப் பொடியாகும். சில வருடம் கழித்துக் கழற்றும்போது மரையே கையோடு வந்துவிடும். மரை இறுகிப் பிடிக்காமல் காக்கும் ஆன்டி-சீஸ் பேஸ்ட் தடவித்தான் போட வேண்டும். அப்படித்தான் போட்டேன்.

டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடித்தால் போதுமே என்று கேட்பவர்கள் நிறைய. அது 1953-இல் ஏவுகணையின் உடலைத் துருவிலிருந்து காக்கவென்று உருவானது. 'வாட்டர் டிஸ்ப்ளேஸ்மென்ட்', அதாவது தண்ணீரை விலக்குதல், 40-ஆவது முயற்சி என்பதுதான் அந்தப் பெயர். கழுவிய பிறகு இடுக்கில் நிற்கும் தண்ணீரை வெளியேற்ற எனக்கும் அது வேண்டும். ஆனால் அது விட்டுப்போகிற படலம் மெல்லியது, சில மழையில் போய்விடும். மாதக்கணக்கில் நிற்க மெழுகோ, ஆட்டுரோமக் கொழுப்பான லனோலினோ கலந்த ஸ்ப்ரேதான் சரி. அதை சேஸிஸின் இடுக்கிலும் ஸ்டாண்டிலும் போல்ட் தலைகளிலும் அடித்தேன். பிரேக் டிஸ்க், பேட், டயர் பக்கம் மட்டும் ஒரு துளிகூடப் படாமல் துணி போட்டு மூடிக்கொண்டேன்.

இப்போது வண்டி நிற்பது கூரைக்குக் கீழே, பருத்தித் துணி போர்வையோடு. பிளாஸ்டிக் உறையைத் தூக்கிப் போட்டுவிட்டேன். அடியில் ஏறும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே வியர்க்கிறது. ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும் என்றால் டேங்க்கைக் கழுத்து வரை நிரப்பிவிடுகிறேன்.

அந்த வாரக் கடைசியில் 30 கி.மீ. ஓட்டிவிட்டு வந்து, சூடு இருக்கும்போதே கியர்பாக்ஸ் ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் இறக்கினேன். தண்ணீர் கலந்திருந்தால் பால் ஊற்றிய மாதிரி வெளுத்திருக்கும். மலையில் ஒரு நாள் முழுக்க நனைந்திருந்ததால் கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது. ஆயில் தேன் நிறத்தில், தட்டின் அடி தெரிகிற மாதிரி தெளிவாக இறங்கியது. போனை எடுத்துப் பெரியவருக்குச் சொன்னேன். "நோட்டில் எழுதிவிடுங்கள் தம்பி" என்றார்.