ஒட்டிப் போட்ட தரைப் பலகையை பைப் உடையாம எடுத்த கதை

பெங்களூரு அல்சூர்ல எங்க வீட்டு கிச்சன் சிங்க்குக்கு கீழ தரையில ஒரு சின்ன பள்ளம் இருக்கு, சுடுதண்ணி லைனும் பச்சத்தண்ணி லைனும் அதுக்குள்ளதான் திரும்புது. மேல மூடினது 12 எம்எம் ப்ளைவுட். அந்த வேலை பண்ண கார்ப்பெண்டர் ஸ்க்ரூ போடாம ரப்பர் சொல்யூஷன் தடவி சுத்தியிருக்கற கட்டை மேல ஒட்டிட்டுப் போயிட்டார். போன மாசம் சுவர் ஓரம் உப்பு பூத்து பெயிண்ட் உரிய ஆரம்பிச்சுது, ராத்திரி எல்லா குழாயும் மூடியிருக்கும்போது பலகையில காது வச்சா சொட்டுச் சத்தம் கேக்குது, அப்புறம் திறக்காம எப்படி விடறது.

தெருவுல இருக்கற ப்ளம்பர் அண்ணன் வந்து பாத்துட்டு "உளிய வச்சு ரெண்டு போடு போட்டா வந்துடும் தம்பி"ன்னார். எனக்கு மனசு வரல. உள்ள ஓடறது சிபிவிசி, அதாவது சுடுதண்ணி தாங்கற பிளாஸ்டிக் பைப்; அரை இஞ்ச் பைப்போட சுவரே 1.7 எம்எம்தான், உளி ஒரு தடவை வழுக்கினா போச்சு. "ரெண்டு நாள் குடுங்கண்ணா"ன்னு சொல்லிட்டு நானே உக்காந்தேன்.

முதல்ல மாடி டேங்க் கேட் வால்வை மூடி, கீழ் குழாயைத் திறந்து லைன்ல இருந்த தண்ணிய வடிச்சேன். அப்புறம் உள்ள என்ன எங்க இருக்குன்னு தெரியணும். 8 எம்எம் ட்ரில் பிட்ல 10 எம்எம் அளவுக்கு டேப் சுத்தி அதுவரைக்கும் மட்டும் ஓட்டை போட்டேன், மீதி ரெண்டு எம்எம்மை சின்ன ஸ்க்ரூட்ரைவரால கையிலயே சுரண்டி எடுத்தேன். மொபைல்ல மாட்டற குட்டி எண்டோஸ்கோப் கேமராவை விட்டுப் பாத்தா இடது பக்கம் சுடுதண்ணி பைப் பலகைக்கு ஒரு விரல் கீழ ஓடுது, வலது பக்கம் காலி. அதை அப்படியே பலகை மேல பென்சில்ல வரைஞ்சுக்கிட்டேன். வேலையில முக்கியமான அரை மணி நேரம் இதுதான்னு சொல்வேன்.

பசையை எப்படி விடுவிக்கறதுங்கறதுதான் பெரிய பாடு. தின்னர், அசிட்டோன் ரெண்டும் சிபிவிசியையே அரிச்சுடும், அதனால அந்த டின்னைத் தொடவே இல்ல. ஹீட் கன் 300 டிகிரிக்கு மேல போகும், இந்த பைப் தாங்கறது 93 டிகிரி வரைக்கும், அதுவும் வேணாம். தங்கச்சியோட ஹேர் ட்ரையரை மேலாக்க காட்டினேன், மரம் சூட்டைக் கீழ விடல, மேல்பக்கம்தான் சுட்டுது. அப்புறம் வலது மூலையில பட்டி பிளேடை மெதுவா நுழைச்சு ரெண்டு எம்எம் இடுக்கு பண்ணி அது வழியா கட்டைப் பக்கமா ட்ரையர் காத்து விட்டதும் பசை இளக ஆரம்பிச்சுது. தூண்டில் நரம்பை உள்ள விட்டு ரம்பம் மாதிரி இழுத்தேன், உரசுற சூட்டுல ரெண்டு தடவை அறுந்துபோச்சு. கிடார் கம்பிதான் கை குடுத்துச்சு, ரெண்டு முனையிலயும் குச்சி கட்டி, கம்பியை பலகையோட அடிப்பக்கத்தை ஒட்டியே இழுத்தா பசை வெல்லப்பாகு மாதிரி நூல் நூலா வருது, பைப் பக்கம் கம்பி இறங்கறதே இல்ல. ஒரு பக்கத்துக்கு நாப்பது நிமிஷம் ஆச்சு, உள்ளங்கை சிவந்துடுச்சு.

கடைசியில காலியா இருந்த வலது பக்கத்துல இருந்து பொட்டி மூடி மாதிரி தூக்கினேன். பைப்புல ஒரு கீறல் இல்ல. ஒழுகினது சுடுதண்ணி லைன் திரும்பற இடத்துல இருக்கற எல்போ மூட்டு, அடியில பச்சை படிஞ்சு கிடந்துச்சு. மறுநாள் அண்ணன் வந்து அதை வெட்டி புதுசு போட்டார், அதை ஒட்டின சால்வென்ட் பசை நல்லா காய்ஞ்சப்புறம் தண்ணி விட்டோம். ராத்திரி பள்ளத்துக்குள்ள தினத்தாள் விரிச்சு வச்சேன், காலையில எடுத்தா மொறுமொறுன்னு காய்ஞ்சு இருந்துச்சு. சுவர் காயற வரைக்கும் திறந்தே கிடக்கட்டும், அப்புறம் அதே பலகையை நாலு பித்தளை ஸ்க்ரூவுல மாட்டப் போறேன்.