மண்டபத்திலிருந்து காரைக்குடி வகுப்புக்கு

நாற்பத்து நாலு வயதில் அழகப்பா பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. தமிழ் சேர்ந்தபோது, படிப்பை விடப் பேருந்துதான் பெரிய பாடம் என்று யாரும் சொல்லவில்லை. மண்டபத்திலிருந்து ராமநாதபுரம், அங்கே இறங்கி இன்னொரு வண்டி. ஒரு வழிக்கே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

ரயில் இல்லையா என்று கேட்பார்கள். ராமேஸ்வரம் - சென்னை இரவு ரயில்கள் காரைக்குடி வழியாகத்தான் போகின்றன. ஆனால் காலை பத்து மணி வகுப்புக்கு இரவு ரயிலில் போய் என்ன செய்வது? பெண்களுக்கு 2021-இல் வந்த கட்டணமில்லாப் பயணமும் சாதாரண நகரப் பேருந்துக்கு மட்டும்தான். வெளியூர் வண்டிக்குக் காசு எடுத்தாக வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, வீட்டில் காசும் புழங்காது. தேர்வுக் கட்டணமும் சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் வரும்!

ஆர்.எஸ். மங்கலம் பக்கம் வந்தால் புத்தகத்தை மூடிவிடுவேன். 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று சொல்வார்களே, அந்தக் கண்மாய். தண்ணீர் நிறைந்த வருஷத்தில் பார்க்க வேண்டும். சங்க இலக்கியத்தின் நெய்தலை வகுப்பில் நடத்தும்போது, உப்புக்காற்றைப் பற்றி என்னிடம்தான் கூடப் படிக்கும் பிள்ளைகள் கேட்பார்கள். அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

நடத்துனர் மட்டும் இன்னும், "மகளைப் பார்க்கப் போறீங்களாக்கா?" என்கிறார். "இல்ல தம்பி, பரீட்சை எழுதப் போறேன்" என்றால் சிரிக்கிறார்.