காலியாக விட்ட கட்டம்

பிச்சாவரம் அலையாத்திக் காட்டை மீட்க வெட்டிய வாய்க்கால்களை அளக்கும்போது நிரப்பும் படிவத்தில் ‘மனித இடையூறு’ என்று ஒரு கட்டம் உண்டு. தூர் எவ்வளவு, உப்பு எவ்வளவு, வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் கன்றுகளில் எத்தனை பிழைத்தன என்பதையெல்லாம் யோசிக்காமல் எழுதிவிடுவேன். அன்று அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டேன்.

இருளர் பெண்கள் சிலர் பறிக்கூடையைப் பல்லில் கவ்வியபடி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மூத்தவர் என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். “தம்பி, நாங்க இங்க எறங்கறத எழுதிடாதப்பா.”

“சரிம்மா” என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

காப்புக்காடு அது. எழுதியிருந்தால் வனத்துறையினர் தடுத்திருப்பார்கள். இந்தக் காட்டைக் கெடுத்தவர்களும் அந்தப் பெண்கள் அல்ல. 1970கள் வரை கூறுபோட்டு மரம் வெட்டியதில் வெயில் நேரே விழுந்து, மண் காய்ந்து தாழ்ந்தது. கடல் ஏற்றத்தில் வந்த நீர் வடிய வழியில்லாமல் தேங்கி, உப்பேறி, கன்று முளைக்காத பள்ளமானது. அப்புறம் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி நீரை வந்துபோக விட்டார்கள், கன்று பிடித்தது. இறாலும் அதே வழியாகத்தான் உள்ளே வருகிறது. இறால் வரும் இடத்துக்கு அவர்கள் வராமல் எப்படி?

இப்படித்தான் சமாதானமாக இருந்தேன். பிறகு வன உரிமை பற்றி ஒரு கூட்டம். 2006ஆம் ஆண்டுச் சட்டம் மீன் போன்ற நீர்நிலை விளைபொருள்களுக்கும் சமூக உரிமை தருகிறது. ‘இவர்கள் இங்கே இறங்குவதற்கு எழுத்தில் என்ன இருக்கிறது?’ என்று ஒருவர் கேட்டார். எங்கள் தாள்கள் மேசையில்தான் இருந்தன. அவற்றின்படி அந்த வாய்க்காலுக்கு யாருமே வருவதில்லை.

எழுதியிருந்தால் மட்டும்? ‘இடையூறு’ என்ற தலைப்பின் கீழே பதிவான ஒன்றை உரிமைக்குச் சான்றாக எப்படி நீட்டுவது? அந்த அம்மா கேட்டதைத்தானே செய்தேன் என்று தோன்றும். ஆனால் அவர் கேட்டது அந்த வாரம் பிடிபடாமல் இருக்க. என் தாள் நிற்பதோ பல வருடங்களுக்கு. இன்னொன்றும் உறுத்துகிறது. அந்தக் கரையில் சில கன்றுகள் பட்டுப்போயிருந்தன. கால்பட்டா, உப்பிலா என்று பின்னால் பார்ப்பவருக்கு என் தாள் உதவாது. வாய்க்கால் தூர்ந்ததால்தான் என்று நினைக்கிறேன். அப்படி நினைக்க விரும்புகிறேனோ என்னவோ.

‘மீன்பிடிப்பு’ என்று தனிக் கட்டம் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். கிடைத்தாலும், அவரைக் கேட்காமல் நிரப்ப மாட்டேன். மறுபடியும் வேண்டாம் என்று அவர் சொன்னால் என்ன செய்வேன் என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.